'நாடற்றவர்': ஒரு சொல்லும் அது மறைக்கும் வினைமுதலும்

1. முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்து உழைப்பாளர் பல திசைகளில் பெயர்ந்தனர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளினின்று ஒரு சாரார் மைசூர் நாட்டுக்குள் சென்று, கோலார் தங்கவயலிலும் பெங்களூருத் தண்டுப் பகுதியிலும் தங்கினர். திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, சேலம் முதலிய இடங்களினின்று மற்றொரு சாரார் மன்னார் வழியாக இலங்கையின் மலைநாட்டை அடைந்து, முதலில் காப்பித் தோட்டங்களிலும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்தனர். இரு சாராரும் ஒரே மொழியினர். வறுமை, சாதி, வறட்சி ஆகிய ஒரே காரணங்களால் உந்தப்பட்டவர்கள். இரு சாராரும் அன்று பிரித்தானிய ஆட்சியின் நிழலில் வாழ்ந்தவர்கள்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவர்தம் நிலை முற்றிலும் வேறுபட்டது. ஆஸ்டின் டவுன் உள்ளிட்ட பெங்களூருத் தண்டுப் பகுதி 1881 முதல் பிரித்தானியர் நேர் நிருவாகத்தில் இருந்து, 1947இல் மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. ஆட்சி கைமாறிய போதும் அங்கு வாழ்ந்த தமிழர் எவரும் 'நீ எந்நாட்டான்?' என்று வினவப்படவில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 5ஆம் உறுப்பு அவர்களைக் குடிமக்களாக ஏற்றது. அட்டனிலும் தலவாக்கலையிலும் பதுளையிலும் வாழ்ந்த தமிழரோ, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் எந்நாட்டுக்கும் உரியரல்லர் ஆயினர். அவர்களைச் சுட்டத் தமிழில் நிலைபெற்ற சொல் 'நாடற்றவர்' என்பதாகும்.

இச்சொல்லும் இதனோடு உறவுடைய பிற சொற்களும் பொருளை எவ்வாறு உணர்த்துகின்றன, எவற்றை மறைக்கின்றன, இலக்கியத்திலும் மொழிபெயர்ப்பிலும் அவை எத்தகைய விளைவுகளைத் தோற்றுவித்துள்ளன என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. பிழைப்பையும் நலவாழ்வையும் தீர்மானித்த ஒரு நிலையைக் குறிக்கும் சொற்கள் ஆதலின், இவ்வாராய்ச்சி அகராதி எல்லைக்குள் அடங்குவதன்று.

2. 'குடி' என்னும் சொல்லின் இரு முகங்கள்

குடியுரிமை என்னும் தொடரின் முதற்கூறாகிய 'குடி' பழந்தமிழ்ச் சொல்லாகும். அதற்கு இரு பொருட்கிளைகள் உள்ளன. ஒன்று வழிவழி வரும் குலம் என்பது. குடிப்பிறப்பு, குடிவழி ஆகிய சொற்களில் இப்பொருள் விளங்குகிறது. திருக்குறளில் 'குடிமை' என்னும் அதிகாரம் நற்குடியில் பிறந்தாரது இயல்பைப் பேசுவதும் இப்பொருள் பற்றியே. மற்றொன்று, ஓரிடத்தில் தங்கி வாழ்தல். குடியிருப்பு, குடியேற்றம், குடிபுகுதல் ஆகியன இக்கிளையைச் சார்ந்தன. முன்னது பிறப்பால் அமைவது. பின்னது வாழ்தலால் அமைவது.

உலக நாடுகளின் குடியுரிமைச் சட்டங்கள் இவ்விரு கொள்கைகளுக்கிடையே இயங்குகின்றன. இந்திய அரசியலமைப்பின் 5ஆம் உறுப்பு, இந்நாட்டை நிலையான உறைவிடமாகக் கொண்டிருத்தலை முதன்மையாக வைத்து, அதனோடு இந்நாட்டில் பிறந்திருத்தல், பெற்றோருள் ஒருவர் பிறந்திருத்தல், ஐந்தாண்டு வாழ்ந்திருத்தல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருப்பின் போதும் என்றது. அதாவது, குடியிருப்பு என்னும் பொருளுக்கு முதலிடம் தந்தது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடிப்பிறப்பைப் பற்றிக்கொண்டது. இலங்கையில் பிறந்த ஒருவர், தம் தந்தையும் இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. தாய்வழிப் பிறப்பு கணக்கில் கொள்ளப்படவில்லை. தோட்ட லயங்களில் பிறந்தோர் பலருக்குப் பிறப்புப் பதிவே இல்லாதிருந்த நிலையில், மூன்று தலைமுறைச் சான்று என்பது நிறைவேற்ற இயலாத நிபந்தனையாயிற்று.

இலங்கைத் தமிழில் இவ்வுரிமையைச் சுட்ட நீண்டகாலம் வழங்கிய சொல் 'பிரஜாவுரிமை' என்பதாகும். 'வம்சாவழிப் பிரஜை', 'பதிவுப் பிரஜை' என்னும் பாகுபாடும் சட்டத்தின் வழியே மக்கள் பேச்சில் நுழைந்தது. 'பிரஜை' என்னும் வடசொல்லுக்கு மகவு என்பதும் ஆளப்படுபவன் என்பதும் பொருள். மரபுவழி உரிமை பெற்றவன் மகவு என்னும் பொருளிலும், பதிவால் உரிமை பெற்றவன் ஆளப்படுபவன் என்னும் பொருளிலும் பிரஜையானான் எனலாம். ஒரே சொல்லுக்குள் இரு படிநிலைகள் அமைந்தன. தமிழகத்து மொழிபெயர்ப்பாளர் ஈழத்து நூல்களைப் பதிப்பிக்கும்போது 'பிரஜாவுரிமை' என்பதைக் 'குடியுரிமை' என்று சீராக மாற்றிவிடுவது உண்டு. அவ்வாறு மாற்றுங்கால் இப்படிநிலை மறைந்துபோவது கருதத்தக்கது.

பெங்களூருவில் வழங்கும் கன்னடச் சொல்லையும் ஈண்டு ஒப்பு நோக்கலாம். கன்னடத்தில் குடியுரிமை 'பௌரத்வ' எனப்படும்; நகரத்தான் என்னும் பொருளுடைய 'பௌர' என்பது அதன் அடி. அதே அடி, நகரின் தெருக்களைத் துப்புரவு செய்வோரைக் குறிக்கும் 'பௌரகார்மிக' என்னும் சொல்லிலும் உள்ளது. குடிமகன் என்னும் தகுதியும் நகரின் அழுக்கை அகற்றும் பணியும் ஒரே சொல்லடியால் சுட்டப்பெறுகின்றன. சட்டத் தகுதி இருந்தும் மதிப்பு கிட்டாத நிலை ஒன்று உண்டு என்பதை இச்சொல் நினைவூட்டுகிறது. எனினும் அத்தகையோர்க்கு வாக்கு உண்டு. வழக்காடும் இடம் உண்டு. மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர்க்கு அவையும் இல்லாதொழிந்தன.

3. 'அற்ற' என்பதன் இலக்கணம்

'நாடற்றவர்' என்பது நாடு + அற்றவர் எனப் பிரியும். 'அறு' என்னும் வினையடி தமிழில் இருவகையாக இயங்குகிறது. 'கயிறு அற்றது' என்புழிச் செயப்படுபொருள் குன்றிய வினை. 'கயிற்றை அறுத்தான்' என்புழிச் செயப்படுபொருள் குன்றா வினை. முன்னதில் வினைமுதல் தேவையில்லை. கயிறு தானே நைந்து அற்றிருக்கலாம். பின்னதில் அறுத்தவன் ஒருவன் இருந்தே தீர வேண்டும்.

இக்காலத் தமிழில் 'அற்ற' என்பது பெயரோடு ஒட்டி இன்மைப் பொருள் தரும் உருபு போலவே ஆகிவிட்டது. பயனற்ற, ஆதரவற்ற, வீடற்ற என்னும் சொற்களில் 'முன்பு இருந்து பின்பு அறுந்தது' என்னும் இறந்தகாலக் குறிப்பு தேய்ந்து, இயல்பான இன்மை மட்டுமே எஞ்சியுள்ளது. எனவே 'நாடற்றவர்' என்று கேட்கும்போது, நாடு இல்லாமை அவர்தம் இயல்பு என்பது போன்ற உணர்வே எழுகிறது. நாட்டை அறுத்தவர் யார், எந்நாளில், எந்தச் சட்டத்தால் என்னும் வினாக்களுக்குச் சொல்லில் இடமில்லை. வரலாற்றிலோ அவ்வினாக்களுக்கு விடை தெளிவாக உண்டு. 1948 நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று. தேர்தல் சட்டத்தைத் திருத்தி, வாக்குரிமையைக் குடிமக்களுக்கே உரியதாக்கிய 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் மற்றொன்று.

'நாடு' என்னும் முதற்கூறும் ஆராயத்தக்கது. சர்வதேசச் சட்டத்தில் இந்நிலை அரசு பற்றியது. 1954ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, எந்த அரசும் தன் சட்டப்படி தன் நாட்டினராகக் கருதாத ஒருவரையே இவ்வகையினராக வரையறுக்கிறது. இல்லாதது அரசின் ஏற்பேயன்றி நிலமன்று. தமிழில் 'நாடு' என்பது அரசையும் நிலத்தையும் ஒருங்கே குறிக்கும். அன்றியும் 'காடு' என்பதற்கு எதிர்ச்சொல்லாகவும் நிற்கும். மலைக்காட்டை வெட்டித் திருத்திச் சாலையும் இருப்புப்பாதையும் அமைத்து நாடாக்கியவர்கள் இத்தொழிலாளர்கள். அவர்களையே நாடற்றவர் என்று சுட்டும்போது, ஆவணத்தில் இல்லாதது நிலத்திலும் இல்லை என்னும் பொருள் மயக்கம் நேர்கிறது. இம்மயக்கம், 'இவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள்' என்று கூறியோர்க்கே துணை செய்தது. 'கள்ளத்தோணி' என்னும் தமிழ்ச்சொல் சிங்களத்திலும் புகுந்து இம்மக்கள் மீது வசைச்சொல்லாக வீசப்பட்டதும் ஈண்டு ஒப்பு நோக்கத்தக்கது.

4. சட்டத்தினின்று அடுப்படி வரை

குடியுரிமை இன்மை ஒரு குடும்பத்தின் பிழைப்பை எவ்வாறு தாக்கியது என்பதைப் படிப்படியாக நோக்கினால், மேற்கூறிய சொல்லின் போதாமை மேலும் புலப்படும்.

முதலாவது, வாக்கு. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசைச் சார்ந்த எழுவர் மலைநாட்டுத் தொகுதிகளினின்று நாடாளுமன்றம் சென்றனர். 1952இல் அவ்வமைப்பின் சார்பில் ஒருவரும் செல்லவில்லை. 1946ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் நாட்டு மக்கள்தொகையில் 11 விழுக்காட்டுக்கு மேலாக இருந்த ஒரு மக்கட்பிரிவு, ஐந்தாண்டுக்குள் அரசியலில் எண்ணப்படாததாயிற்று. பள்ளி, மருத்துவமனை, சாலை ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்கும் அவையில் அவர்களுக்காகப் பேச எவருமில்லை. தோட்டப் பள்ளிகள் 1970களில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கும் வரை பெரும்பாலும் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே இருந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, நிலமும் வீடும். அரசின் குடியேற்றத் திட்டங்களில் நிலம் பெறும் வாய்ப்பு குடிமக்களுக்கே இருந்தது. லயத்து அறை தோட்டத்துக்கு உரியது. தோட்டத்தில் 'பேர் பதிந்த' ஆளாக இருக்கும் வரையிலேயே அங்கே உறையலாம். வேலை போனால் கூரையும் போகும். வேறிடம் சென்று நிலம் வாங்கவோ அரசுப்பணி பெறவோ வழியில்லாமையால், தொழிலாளியின் பேரம் பேசும் ஆற்றல் குன்றியது. குறைந்த கூலிக்கு நிலையான ஆள்பலம் தேவைப்பட்ட பெருந்தோட்டப் பொருளியலுக்கு, எங்கும் போக இயலாத தொழிலாளி ஏற்றவனாயினான். 1970களின் முற்பகுதியில் நிலச்சீர்திருத்தமும் உணவுத் தட்டுப்பாடும் ஒருங்கே வந்தபோது தோட்டங்களில் பசியும் சாவும் மிகுந்தன. வீட்டருகே பயிரிடச் சொந்த நிலமின்மை அப்போது உயிருக்கே இடராயிற்று.

மூன்றாவது, சான்று. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், இடையறாது வாழ்ந்தமையை மெய்ப்பிப்போர் பதிவால் உரிமை பெறலாம் என்றது. ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. அவர்களுள் ஏறத்தாழ 1,34,000 பேரே ஏற்கப்பட்டனர். எழுத்தறியாத ஒருவர் தாம் வாழ்ந்த வாழ்வைத் தாளில் காட்ட வேண்டியிருந்தது. அத்தாளை வழங்க வேண்டியவரோ பெரும்பாலும் தோட்டத் துரையும் கணக்கப்பிள்ளையும்.

நான்காவது, மரபுரிமை. 1948க்குப் பின் பிறந்த பிள்ளைக்குத் தந்தையின் நிலையே உரியதாயிற்று. பிற உடைமை எதுவும் இல்லாத குடும்பத்தில் உரிமையின்மை ஒன்றே தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது.

5. இலக்கியச் சான்றுகள்

இந்நிலையைப் படைப்பிலக்கியம் எவ்வாறு கையாண்டது என்பது அடுத்த வினா. தலவாக்கலைத் தொகுதியினின்று 1947இல் நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை இத்துறையில் முதலில் கருதத்தக்கவர். தோட்டத் தொழிலாளர் வாழ்வு பற்றிய தம் நெடும்பாட்டை அவர் ஆங்கிலத்தில் இயற்றினார். அது பின்னர்ச் சக்தீ பால ஐயாவால் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கம் பெற்றது. தம் மக்களைப் பற்றிய பாட்டு முதலில் அம்மக்கள் அறியாத மொழியில் எழுந்து, பின்னர் மொழிபெயர்ப்பாக அவர்களிடம் திரும்பியது. வாக்கிழந்த மக்களுக்காகப் பேசுபவர், தீர்ப்பு வழங்கும் அதிகாரமுடையோரின் மொழியில் பேச வேண்டியிருந்தது என்று இதனை விளக்கலாம்.

வேலுப்பிள்ளையின் நூற்பெயர்களும் நோக்கத்தக்கன. 'வீடற்றவன்' என்பது அவர்தம் புதினம். 'நாடற்றவர் கதை' என்பது அவரது மற்றொரு நூல். ஒன்று ஒருமை, மற்றொன்று பன்மை. வீடின்மை ஒருவனது துயராகவும், நாடின்மை ஓர் இனத்தின் நிலையாகவும் அமைகின்றன. மேலே சுட்டிய இலக்கணக் குறை இவ்விரு தலைப்புகளிலும் உள்ளது எனினும், இரண்டாவதில் வரும் 'கதை' என்னும் சொல் அதனை ஓரளவு நிறைவு செய்கிறது. கதை என்றால் நிகழ்ச்சி உண்டு. நிகழ்ச்சி என்றால் நிகழ்த்தியவர் உண்டு. இச்சொல்லைப் பாதிக்கப்பட்டவர் தம்மேல் ஏற்றிக் கூறும்போது அது முறையீடாகிறது. அரசு அலுவலர் பிறர்மேல் ஏற்றிக் கூறும்போது வகைப்பாடாகிறது. இவ்வேறுபாட்டை மொழிபெயர்ப்பாளர் உணர்தல் வேண்டும்.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இச்சட்டத்துக்கு முற்பட்ட 1930களின் படைப்பு. அங்கே இலங்கைத் தோட்டத்தில் துன்புறும் மாந்தர் நாடற்றவர் அல்லர். பிரித்தானியப் பேரரசின் குடிகளே. எனவே தோட்டத் துயர் அனைத்துக்கும் குடியுரிமை இன்மையே காரணம் என்று கூறுவது பொருந்தாது. சாதியும் கடனும் கங்காணி முறையும் அதற்கு முன்பே இருந்தன. சட்டம் செய்தது யாதெனின், அத்துயரினின்று வெளியேறும் வாயிலை அடைத்தமையே எனலாம். குடியுரிமை பற்றிய ஆய்வுகள் சில இவ்வேறுபாட்டைக் கருதாது, எல்லாவற்றையும் 1948இல் தொடங்குவது ஒரு குறை.

என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்னும் சிறுகதை, ஒரு பெண் பறித்த கொழுந்தின் அளவைக் குறித்து எழும் ஐயத்தைப் பொருளாகக் கொண்டது. வெளிப்படையில் அது குடியுரிமைக் கதையன்று. ஆயினும் தன் உழைப்பைத் தானே மெய்ப்பிக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டவளின் கதையாக அதனைப் படித்தால், சான்று கேட்கும் சட்டமும் ஐயுறும் தோட்டமும் ஒரே மனப்பாங்கின் இரு வடிவங்கள் என்பது புலனாகும்.

கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இல் வெளிவந்தது. அதன் ஆங்கில வடிவம் 'மிராஜ்', அதாவது கானல் என்னும் தலைப்பைப் பெற்றது. ஏமாற்றம் என்னும் பொருள் இரண்டுக்கும் பொது. ஆனால் கானல் இல்லாத ஒன்று. தூரத்துப் பச்சையோ இருக்கின்ற ஒன்று. தேயிலையின் பச்சை மெய்யானது, அதனை வளர்த்தவர் கைகள் மெய்யானவை. அப்பச்சையில் பங்கு கிட்டாமையே துயர். ஆங்கிலத் தலைப்பு இப்பொருளை இழந்துவிட்டது.

6. 'திரும்பியோர்' யார்?

1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரை எண்ணிக்கையால் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டு உடன்பாட்டில் செம்பாதியாகப் பிரிக்கப்பட்டனர். பங்கிடப்பட்டவரின் கருத்து கேட்கப்படவில்லை. இந்தியாவுக்கு வந்தோர் 'தாயகம் திரும்பியோர்' எனப்பட்டனர்.

'திரும்பு' என்னும் வினைக்கு ஒரு முற்கோள் உண்டு. முன்பு இருந்த இடத்துக்கு மீள்வதே திரும்புதல். மலைநாட்டில் பிறந்து, மலைநாட்டையன்றிப் பிறிதோர் இடம் காணாத ஒருவர் இராமேசுவரத்தில் முதன்முறை காலூன்றியபோது, அவர் திரும்பியதாக மொழி பதிவு செய்தது. அப்பெயரை ஏற்றாலன்றி மறுவாழ்வு உதவி கிட்டாது. நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும், கேரளத்தின் புனலூர் ரப்பர்த் தோட்டங்களிலும், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் வட்டங்களின் ரப்பர்த் தோட்டங்களிலும் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். குடியுரிமை கிட்டியது, தொழிலும் தோட்டக் குடியிருப்பும் மாறவில்லை. இங்கே அவர்கள் 'சிலோன்காரர்' எனவும் அங்கே 'இந்தியத் தமிழர்' எனவும் அழைக்கப்பட்டமை, பெயரிடுவோர் எப்போதும் பிறரே என்பதைக் காட்டும். 'மலையகத் தமிழர்' என்பதே அவர்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயர்.

1984இல் கப்பல் போக்குவரத்து நின்றபின் ஒப்பந்தம் நிறைவேறாது நின்றது. இலங்கையில் 1986, 1988 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் எஞ்சியோர்க்குக் குடியுரிமை தந்தன. இறுதிச் சட்டத்துக்குப்பின் நடந்த இயக்கத்தில் சில நாட்களிலேயே ஏறத்தாழ 1,90,000 பேர் உரிமை பெற்றனர் என்பதைக் காணும்போது, அரை நூற்றாண்டாகத் தடையாக இருந்தது சான்றின் இன்மையன்று, அரசின் விருப்பின்மையே என்பது தெளிவாகும்.

சிக்கல் முற்றும் தீர்ந்துவிடவில்லை. 1983க்குப்பின் தமிழகம் வந்து முகாம்களில் வாழ்வோருள் கணிசமானோர் மலையக வழியினர். அவர்களைச் சுட்டிய 'அகதி' என்னும் சொல் 'கதியற்றவர்' என்னும் பொருளது. அதற்கு மாற்றாகப் பலர் ஆளும் 'ஏதிலி' என்பதோ, அயலாரைக் குறிக்கும் பழஞ்சொல்லாகிய 'ஏதிலார்' என்பதனோடு ஒலியால் நெருங்குகிறது. 2021இல் தமிழ்நாடு அரசு, அகதிகள் முகாம் என்பதை 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது. இம்மாற்றம் மதிப்புக்குரியது, ஆயினும் குடியுரிமை ஒன்றிய அரசின் அதிகாரத்தில் உள்ளமையால் பெயர் மாறியும் சட்டநிலை மாறவில்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளையே கருதியது, இலங்கையைச் சேர்க்கவில்லை.

உரிய ஆவணமின்றி வந்தோர் சட்டத்தில் 'சட்டவிரோதக் குடியேறியோர்' எனப்படுவர். 2004 டிசம்பர் 3ஆம் நாளுக்குப்பின் இந்தியாவில் பிறந்த பிள்ளையின் பெற்றோருள் ஒருவர் அவ்வகையினராயின், அப்பிள்ளை பிறப்பால் குடிமகன் ஆகாது. எங்கிருந்தும் குடியேறாத பிள்ளையைக் குடியேற்றத்தின் குற்றம் தொடர்கிறது. உயர்கல்வி முடித்தும் அரசுப்பணிக்கு விண்ணப்பிக்க இயலாது, கடவுச்சீட்டு பெற இயலாது, வண்ணம் பூசும் நாட்கூலிக்குச் செல்லும் முகாம் இளைஞர் நிலை இச்சொல்லின் நடைமுறைப் பொருளாகும்.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மொழிபெயர்ப்பாளரும் கலைச்சொல் ஆக்குவோரும் கருதத்தக்க சில கருத்துகள் பெறப்படுகின்றன. சட்டம் ஒன்றால் உரிமை பறிக்கப்பட்ட வரலாற்றை எழுதுமிடத்து 'குடியுரிமை மறுக்கப்பட்டோர்' அல்லது 'குடியுரிமை பறிக்கப்பட்டோர்' என்னும் செயப்பாட்டு வடிவம் பொருத்தமானது. அது நீளமாயினும் 'யாரால்?' என்னும் வினாவுக்கு வழி விடுகிறது. சர்வதேச உடன்படிக்கைகளை மொழிபெயர்க்குமிடத்து, நிலத்தையன்றி அரசின் ஏற்பையே குறித்து நிற்கும் தொடரை ஆள்வது மயக்கம் தவிர்க்கும். பாதிக்கப்பட்டவர் தம் வாயால் 'நாடற்றவர்' என்று கூறுமிடத்து அச்சொல்லை மாற்றுதல் கூடாது. அது அவர்தம் முறையீடு. 'திரும்பியோர்', 'குடியேறியோர்' போன்ற முற்கோளுடைய சொற்களை ஆளுமுன், அம்முற்கோள் உண்மையா என்று ஆராய்தல் வேண்டும்.

ஆஸ்டின் டவுனில் பிறந்த தமிழ்க் குழந்தைக்கும் மண்டபம் முகாமில் பிறந்த தமிழ்க் குழந்தைக்கும் மொழியில் வேறுபாடு இல்லை. முன்னதன் பாட்டன் மேற்கே சென்றான்; பின்னதன் பாட்டன் தெற்கே கடல் கடந்தான். அப்பயணத் திசையே இன்றும் ஒருவர்க்கு வேலையையும் மற்றவர்க்குத் தடையையும் தருகிறது. 'குடி' என்னும் சொல் பிறப்பையும் வாழ்விடத்தையும் ஒருங்கே தாங்கி நிற்கிறது. சட்டம் அவ்விரண்டனுள் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளும்போது எவர் வெளியே விடப்படுகின்றனர் என்பதைச் சுட்டுவது மொழியாராய்ச்சியின் கடமையாகும்.